வயிறு நிறைந்தும் செத்த குஞ்சுகள்: கோமாளி மீனோடு ஐந்து ஈடு

பதினோராம் நாள் காலை. தொட்டியின் அடியில் படிந்த கழிவை எடுக்க சைபன் குழாயை மெல்ல உள்ளே விட்டேன். குழாயின் நிழல் பட்டதும் பக்கத்தில் இருந்த குஞ்சுகள் கிறுகிறுவென்று சுற்றின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து, விறைத்துப்போய் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. அன்று மாலைக்குள் இருநூறுக்கு மேல் போய்விட்டன. ஒன்றைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வயிறு முழுக்க ரோட்டிபர், நான் போட்ட பொடி இரை. பட்டினியால் சாகவில்லை.

அந்த நிறைந்த வயிறுதான் அடுத்த ஐந்து மாதம் என்னை ஆட்டிவைத்தது. அதில் நான் தெரிந்துகொண்டதை, கோமாளி மீனோ கொடுவாவோ வேறு எந்தக் கடல்மீனோ முட்டையிலிருந்து வளர்க்கப் பார்க்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். பொரிப்பகத்தில் ஒருமுறை பொரிக்கும் குஞ்சுகளை பேட்ச் என்பார்கள். அம்மா இட்லிக்குச் சொல்வதுபோல ஈடு என்கிறாள். எனக்கும் அதுவே நாக்கில் ஏறிவிட்டது.

இடம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் வீடு. பின்கட்டில் தென்னங்கீற்றுக் கொட்டகை, அதற்குள் கண்ணாடித் தொட்டிகள் எட்டு, ஐம்பது லிட்டர் நீல ட்ரம் நான்கு, ஒரு ஏர் பம்பு, கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 2010இல் கோபியாவையும் 2011இல் சில்வர் பாம்பனோவையும் இந்தியாவில் முதன்முதலாகப் பொரிக்கவைத்தவர்கள் அவர்கள்தான். அலங்கார மீன் பயிற்சி அங்கேதான் எடுத்தேன்.

தண்ணீர் தம்பி கொண்டுவருவான். வடகிழக்குப் பருவக் காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிவிடும், அப்போது தென்கடலில் (மன்னார் வளைகுடா) எடுப்போம். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கலங்கும், அப்போது வடகடல். மூன்று நாள் இருட்டில் தெளியவிட்டு, ப்ளீச்சிங் போட்டு, காற்றடித்து, குளோரின் போனதைச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்துவேன். உப்பளவு 33 பிபிடி (ஆயிரத்தில் 33 பங்கு), வெப்பம் 28 டிகிரி. இதில் எனக்குப் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை, அதனால் இதைப் பற்றி நீட்டவில்லை.

தாய்மீன்கள் ஒசெல்லாரிஸ் வகை, இரண்டு ஜோடி. பன்னிரண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண் ஓட்டின்மேல் முட்டையிடும். ஆரஞ்சு நிறத்தில் நெல்மணியை நிறுத்திவைத்தாற்போல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஆண்மீன் வாயாலும் துடுப்பாலும் விசிறி விசிறிப் பார்த்துக்கொள்ளும். ஏழு எட்டு நாளில் முட்டைக்குள் கண்கள் வெள்ளி நிறமாகும். அன்றிரவு விளக்கணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். அதனால் அன்று மாலையே ஓட்டை எடுத்து, ஆண்மீன் செய்த வேலையை ஏர் ஸ்டோன் செய்யும்படி சாய்த்து வைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவேன்.

பொரிந்த குஞ்சு 3 முதல் 4 மில்லிமீட்டர். கடல்மீன் உலகத்தில் இது பெரிய பிள்ளை. கொடுவாக் குஞ்சு பொரியும்போது ஒன்றரை மில்லிமீட்டர்தான், வாய் திறக்கவே இரண்டு நாள் ஆகும். கோமாளிக் குஞ்சு மறுநாள் விடிந்ததும் இரை தேடும். அதன் வயிற்றுப் பையில் மிச்சம் இருக்கும் மஞ்சள்கரு அதிக நேரம் தாங்காது. விடியும்போது தொட்டியில் ரோட்டிபர் இருக்கவேண்டும்.

முதல் இரண்டு ஈடு

ரோட்டிபர் என்பது கண்ணுக்குத் தூசி போலத் தெரியும் நீர்வாழ் உயிர். பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம். சுறுசுறுப்பாக நீந்தாது, மெல்ல மிதந்து சுற்றும், அதனால் குஞ்சால் எளிதாகப் பிடிக்க முடியும். ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் பெருகித் தண்ணீரைக் கெடுக்கும் தொல்லையாகத்தான் இதை முதலில் பார்த்தார்கள். இதைக் கடல்நீரில் வளர்ப்பது பற்றி இட்டோ என்பவர் 1960இல் எழுதினார். அதன் பிறகு கடல்மீன் பொரிப்பகம் என்றாலே ரோட்டிபர் என்று ஆகிவிட்டது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ஒரு ட்ரம்மில் நானோகுளோராப்சிஸ் பாசி, அதைப் போட்டு அடுத்த ட்ரம்மில் ரோட்டிபர். வெளியில் வளர்க்கும் பாசிக்கு உரம் ஒரு டன் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10 கிராம், யூரியா 10 கிராம். ரோட்டிபர் ட்ரம்மில் மில்லிக்கு 150 எண்ணிக்கை வந்ததும் தினமும் நாலில் ஒரு பங்கை போல்டிங் துணியில் (மிக நுண்ணிய வலைத்துணி) வடித்தெடுக்கலாம். எண்ணுவதற்கு ஒரு மில்லி தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் அப்படியே நின்றுவிடும், பொறுமையாக எண்ணலாம். குஞ்சுத் தொட்டி 60 லிட்டர். மில்லிக்கு 10 என்றால் ஆறு லட்சம் ரோட்டிபர். தொட்டியிலும் கொஞ்சம் பாசி விட்டுத் தண்ணீரை இளம்பச்சையாக வைத்திருப்பேன். வெளிச்சம் சிதறும், குஞ்சுக்கு இரை தெளிவாகத் தெரியும், தின்னாமல் மிஞ்சிய ரோட்டிபரும் பட்டினி கிடக்காது.

முதல் ஈட்டில் 350 குஞ்சு. ஒன்பதாம் நாள் வரை 280 நன்றாக ஓடின. மேலே சொன்ன பதினோராம் நாளுக்குப் பிறகு நாற்பது. பதினைந்தாம் நாள் வெள்ளைப் பட்டை விழுந்து மீன் போலத் தெரிந்தவை 19.

இரையின் அளவு போதவில்லை என்று முடிவுகட்டினேன். இரண்டாவது ஈட்டில் மில்லிக்கு 20 ரோட்டிபர் போட்டேன். 400 குஞ்சில் 26 மிஞ்சின. சாவும் அதே மாதிரி. பத்தாம் நாள் காலை விளக்கைப் போட்டவுடன் முப்பது நாற்பது குஞ்சு சுற்றி விழுந்தன. அன்றைக்குத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வாரம் இரவும் பகலும் ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கைப் போட்ட குற்றத்துக்கு அது சாவதைப் பார்ப்பது எளிதில்லை.

எந்தப் பாசி?

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒரு சார், அவருக்குப் போன் செய்தேன். தண்ணீர், அம்மோனியா, உப்பளவு எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், "ரோட்டிபர் எதுல வளருதும்மா?" என்றார்.

"பாசியிலதான் சார்."

"எந்தப் பாசி?"

"நானோகுளோராப்சிஸ்."

"வேற எதுவும் இல்லையா? தொட்டிப் பச்சைத் தண்ணியும் அதேதானா?"

"அதேதான் சார்."

"அதுல இபிஏ நிறைய இருக்கும்மா. டிஎச்ஏ கிடையாதே."

நான் இரையை எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் இரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். ரோட்டிபர் ஒரு பை. அதன் குடல் அரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். அதற்கென்று தனிச் சத்துக் குணம் பெரிதாக எதுவும் இல்லை, கடைசியாக எதைத் தின்றதோ அதுதான் அது. குஞ்சு தின்பது ரோட்டிபரை அல்ல, ரோட்டிபர் தின்றதை.

இபிஏ, டிஎச்ஏ இரண்டும் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். கெண்டை, திலேப்பியா மாதிரி நன்னீர் மீன்கள், செடியிலும் பாசியிலும் கிடைக்கும் சிறிய ஒமேகா-3 அமிலத்தை எடுத்துத் தங்கள் உடம்பிலேயே நீட்டி இவற்றைச் செய்துகொள்ளும். கடல்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலைக்கான நொதிகள் போதிய அளவு இல்லை. கடலில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. பாசியைக் கோப்பிபாட் என்ற, இறால் மாதிரியான பொடி உயிர் தின்னும், கோப்பிபாடின் குஞ்சை மீன்குஞ்சு தின்னும், டிஎச்ஏ சமைத்த சோறாகவே வாய்க்கு வந்துவிடும். தொட்டிக்குக் கொண்டுவந்த நாம்தான் அந்தச் சோற்றை நிறுத்திவிட்டோம்.

குஞ்சைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி உடம்பு தலையும் கண்ணுமாகவே இருக்கும். முதல் இரண்டு வாரத்தில் மூளையும் விழித்திரையும் நரம்பும் கட்டப்படுகின்றன, அந்தச் சவ்வுகளில் நிறையச் சேரும் கொழுப்பு டிஎச்ஏதான். அது கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் வேறு கொழுப்பு உட்காரும், ஆனால் வேலை சரியாக நடக்காது. டிஎச்ஏ குறைந்த உணவில் வளர்ந்த ஹெர்ரிங் குஞ்சுகளுக்கு மங்கிய வெளிச்சத்தில் இரை பிடிக்கும் பார்வை குறைந்துபோனதை 1995இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கொடுவாவில் உருமாற்றம் ஆகும் நாட்களில் இப்படிக் கூட்டமாகச் சாவது தென்கிழக்கு ஆசியப் பொரிப்பகங்களில் தெரிந்த கதை. இரையில் இந்தக் கொழுப்பை ஏற்றிக் கொடுத்தபோது பிழைப்பு கூடியதை 1990இல் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் இன்னும் முன்பே, ரொட்டி ஈஸ்டில் வளர்த்த ரோட்டிபரைத் தின்ற மடாய் மீன்குஞ்சுகள் செத்ததிலிருந்து பாடம் படித்து, ஈஸ்டுக்கே கணவாய் ஈரல் எண்ணெய் ஊட்டி ரோட்டிபருக்குக் கொடுத்தார்கள். வதனபே, கிட்டாஜிமா, ஃபுஜிட்டா மூவரும் 1983இல் இதையெல்லாம் தொகுத்து எழுதினார்கள். நான் இரண்டு ஈட்டை இழந்துதான் இதைப் படிக்க உட்கார்ந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

நானோகுளோராப்சிஸைக் குறைசொல்ல எதுவும் இல்லை. வெயிலைத் தாங்கும், எளிதில் சாகாது, இபிஏ நிறையத் தரும். ரோட்டிபரைப் பெருக்க அதுதான் நல்லது. குஞ்சுக்குக் கொடுக்கும் முன் கடைசிச் சாப்பாடாக மட்டும் வேறொன்று வேண்டும்.

மூன்றாவது ஈடு: எண்ணெய்ப் படலம்

வழி இரண்டு. ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பாசியில் டிஎச்ஏ இருக்கிறது, அதை வளர்த்து ஊட்டலாம். அல்லது எண்ணெயைக் குழம்பாக்கி ஊட்டலாம். ஐசோகிரைசிஸ் விதை எனக்குக் கிடைத்தது, ஆனால் கொட்டகைச் சூட்டில் இருமுறை ட்ரம் முழுக்க வெளுத்து அடியில் படிந்துவிட்டது. அதனால் எண்ணெய்க்குப் போனேன்.

மருந்துக் கடையில் காட் லிவர் ஆயில் மாத்திரை வாங்கினேன். பத்து மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்து, பச்சை முட்டை மஞ்சள் கொஞ்சம் சேர்த்து, கடல்நீர் விட்டு மிக்ஸியில் அடித்தேன். பால் மாதிரி வந்தது. பத்து லிட்டர் வாளியில் ரோட்டிபரை எடுத்துக் குழம்பை ஊற்றி எட்டு மணி நேரம் காற்றடித்தேன். காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு ரோட்டிபரின் வயிற்றிலும் பொன்னிறத் துளிகள். மகிழ்ச்சியில் வாளியோடு அப்படியே குஞ்சுத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அந்த ஈட்டை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு 180 குஞ்சாக வைத்திருந்தேன். எண்ணெய் ஊட்டியது ஒரு தொட்டி, பழைய முறை ஒரு தொட்டி. எண்ணெய்த் தொட்டியில் மறுநாளே தண்ணீர்மேல் பளபளவென்று படலம். மூன்றாம் நாள் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது, விரல் விட்டால் வழவழப்பு. குஞ்சுகள் மேற்பரப்பில் மூச்சுக்குத் தவித்தன. நாலாம் நாள் ஒன்றுகூட இல்லை. பழைய முறைத் தொட்டியில் வழக்கம்போல 31 மிஞ்சின.

காரணம் யோசிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ரோட்டிபர் தின்னாமல் விட்ட எண்ணெயும் முட்டை மஞ்சளும் அத்தனையும் குஞ்சுத் தொட்டிக்குள் போய்விட்டன. பாக்டீரியாவுக்கு விருந்து. கொடுவா மாதிரி மேற்பரப்பில் காற்றை விழுங்கித்தான் காற்றுப்பை ஊத வேண்டிய மீன்களுக்கு இந்தப் படலம் இன்னொரு விதத்திலும் எமன், காற்றுப்பை ஊதாமலே போய்விடும்.

நான்கும் ஐந்தும்

அடுத்த முட்டை வருவதற்குள் முறையைத் திருத்தினேன். இப்போது வரை இதைத்தான் செய்கிறேன்.

எண்ணெயை மாற்றினேன். காட் லிவர் எண்ணெயில் இபிஏயும் டிஎச்ஏயும் ஏறத்தாழ சமமாக இருக்கும். என் ரோட்டிபரிடம் நானோகுளோராப்சிஸ் தந்த இபிஏ ஏற்கெனவே உண்டு, எனக்குத் தேவை டிஎச்ஏ மட்டும். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதித் தருவார்களே டிஎச்ஏ மாத்திரை, கடல் நுண்ணுயிரிலிருந்து எடுத்த எண்ணெய், ஒவ்வொன்றிலும் 200 மில்லிகிராம் டிஎச்ஏ. அண்ணாச்சி கடையில் போய்க் கேட்டதும், "யாருக்கும்மா, எத்தனையாவது மாசம்?" என்று அக்கறையாக விசாரித்தார். மீன்குஞ்சுக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மூளை வளரத்தான் இதைக் கொடுக்குறது, அதுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம், அதற்கும் அப்படித்தான்.

நாலு மாத்திரை எண்ணெய் ஏறத்தாழ 2 கிராம் வரும். அதோடு ஒரு வைட்டமின் ஈ மாத்திரை, இந்த எண்ணெய்கள் காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும் என்பதால். சுண்டைக்காய் அளவு பச்சை முட்டை மஞ்சள், நூறு மில்லி கடல்நீர். மிக்ஸியில் மூன்று நிமிடம் விட்டு விட்டு அடிக்கவேண்டும், சூடேறக் கூடாது. அடித்ததும் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். எண்ணெய்த் துளிகள் ரோட்டிபரின் வாய்க்குள் போகிற அளவுக்குப் பொடியாக இருக்கவேண்டும். பெரிய குமிழ்கள் தெரிந்தால் இன்னொரு நிமிடம். மிஞ்சியதை மறுநாளுக்கு வைப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு ரோட்டிபரை வடித்து, சுத்தமான கடல்நீரில் அலசி, பத்து லிட்டர் வாளியில் விடுவேன். குழம்பில் பாதி அப்போது, பாதி அலாரம் வைத்து இரண்டு மணிக்கு. ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் கெட்டு ரோட்டிபரே சாகிறது. காலை ஆறு மணிக்குத் திரும்ப போல்டிங் துணியில் வடித்து, வடிகிற தண்ணீரில் பால்நிறம் போகும்வரை கடல்நீர் விட்டு அலசுவேன். மூன்று குடம் பிடிக்கும். இந்த அலசலில் சோம்பல் பட்டால் மூன்றாவது ஈட்டின் கதைதான்.

அலசியதில் பாதி உடனே தொட்டிக்கு. மதியத்துக்கான மீதியை ஒரு பாட்டிலில் ஐஸ் பெட்டிக்குள், மெல்லிய காற்றோடு. வெதுவெதுப்பில் விட்டுவைத்தால் ரோட்டிபர் தின்றதை எரித்துத் தீர்த்துவிடும், மதியம் குஞ்சுக்குப் போவது வெறும் பை. குளிரில் அது மந்தமாகக் கிடக்கும், சத்தும் கிடக்கும்.

நான்காவது ஈட்டில் இரண்டு தொட்டியிலும் 200, 200. ஒரே முட்டை, ஒரே தண்ணீர், ஒரே எண்ணிக்கை ரோட்டிபர். ஒன்பதாம் நாள் வரை இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை, எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பத்தாம் நாள் முதல் பிரிந்தது. ஊட்டாத தொட்டியில் பழைய சுழற்சி, விறைப்பு. ஊட்டிய தொட்டியில் சைபன் குழாயைக் கண்டு குஞ்சுகள் விலகி ஓடின. விலகி ஓடுவது என்ற அந்தச் சாதாரணக் காட்சியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பதினைந்தாம் நாள் எண்ணிக்கை: ஊட்டாதது 38, ஊட்டியது 131.

தொட்டியின் ராசியாக இருக்குமோ என்று தம்பி கேட்டான். நியாயமான சந்தேகம், கிழக்குப் பக்கத் தொட்டிக்குக் காலை வெளிச்சம் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது ஈட்டில் தொட்டிகளை மாற்றிவைத்தேன். தொட்டிக்கு 190. ஊட்டியது 127, ஊட்டாதது 44. இரண்டு தொட்டியில் இரண்டு முறை செய்ததை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் இதற்கு மேல் ஒரு தொட்டிக் குஞ்சை வேண்டுமென்றே ஊட்டாமல் வைத்துச் சாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன், இதை ஊட்டலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்காவது ஈட்டிலிருந்து இரண்டு தொட்டிக்குமே காலையில் பெரிய விளக்கைச் சட்டென்று போடுவதில்லை. முதலில் கொட்டகையின் மூலையில் சின்ன பல்பு, அரை மணி கழித்து மேல்விளக்கு. நல்ல குஞ்சும் இருட்டிலிருந்து திடீர் வெளிச்சத்துக்கு வந்தால் துள்ளி விழும்.

ஆர்ட்டீமியா மாறும் நாட்கள்

ஏழாம் நாளிலிருந்து குஞ்சுக்கு ரோட்டிபர் போதாது. ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டே இருந்தாலும் செலவழிக்கும் தெம்புக்கு ஈடாகாது. அப்போதுதான் ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் வகையின் குஞ்சு, அரை மில்லிமீட்டர் இரை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரியிலிருந்து வரும் முட்டை டின்தான் உலகம் முழுக்கப் பழக்கம். நம்முடைய தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு.

நான் வாங்கிய ஒரு டின்னில் பாதிக்கு மேல் பொரியவே இல்லை. அதைவிடத் தொல்லை முட்டை ஓடு. குஞ்சு அதை விழுங்கினால் குடல் அடைத்துவிடும். அதனால் இப்போது ஓட்டைக் கரைத்துவிட்டே பொரிக்கவைக்கிறேன். ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஹைப்போகுளோரைட் திரவத்தில் கலக்கிக்கொண்டே இருந்தால் பழுப்பு முட்டை வெளுத்து, பிறகு ஆரஞ்சாகும். சூடேறும், ஐஸ் கட்டி தயாராக இருக்கவேண்டும். ஆரஞ்சானதும் உடனே வடித்து, குளோரின் வாடை போகக் கழுவி, சோடியம் தயோசல்பேட்டில் முக்கி எடுக்கவேண்டும். கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

பொரிந்தவுடன் ஆர்ட்டீமியாவுக்கு வாயே திறந்திருக்காது, தன் மஞ்சளில் வாழும். அந்த நிலையில் அது நல்ல தெம்பான இரைதான், ஆனால் டிஎச்ஏ அதில் இல்லை என்றே சொல்லலாம். ஏறத்தாழ எட்டு மணி நேரம் கழித்து ஒருமுறை தோலுரித்த பிறகுதான் தின்னத் தொடங்கும். அதற்கு முன் குழம்பை ஊற்றுவது வீண், நான் இருமுறை வீணாக்கினேன். தோலுரித்த பிறகு லிட்டருக்கு ஒன்றரை லட்சம் என்ற கணக்கில் விட்டு, இரண்டு தவணையாகக் குழம்பு கொடுத்து, பதினாறு மணி நேரம் வைக்கிறேன். ரோட்டிபருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆர்ட்டீமியா டிஎச்ஏயைச் சும்மா வைத்திருக்காது, இபிஏவாகத் திருப்பி மாற்றிக்கொண்டே இருக்கும். ஊட்டி முடித்து நாலு மணி நேரம் அறைச் சூட்டில் மறந்துவிட்டால் ஊட்டியதில் நல்ல பங்கு போய்விடும். அதனால் இதற்கும் ஐஸ் பெட்டி.

அளவிலும் கவனம் வேண்டும். இந்த வயதுக் குஞ்சுக்கு முழு வளர்ச்சி பெற்ற இரைப்பை கிடையாது, குடல் நேரான சின்னக் குழாய். ஆர்ட்டீமியாவை அள்ளிக் கொட்டினால் ஆரஞ்சு வயிறோடு அழகாக நீந்தும், ஆனால் கழிவை எடுத்துப் பாருங்கள். பாதி செரிக்காத ஆர்ட்டீமியா அப்படியே வந்திருக்கும், சிலவற்றில் கால்கூட அடையாளம் தெரியும். எனவே ஏழாம் நாள் ரோட்டிபரோடு கலந்து மில்லிக்கு அரை ஆர்ட்டீமியா, பிறகு ஒன்று, பத்தாம் நாளுக்கு மேல் இரண்டு. ஒரு நாளைக்கு நாலு தடவையாகப் பிரித்து. வயிறு நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிம்மதியடைந்த பழக்கத்தை இங்கேதான் கடைசியாக விட்டேன். இப்போது கழிவையும் பார்க்கிறேன்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினைந்துக்குள் தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை தெரியும். அதுவரை தண்ணீரின் நடுவில் மிதந்தவை அடிக்கும் சுவருக்கும் போய் ஒதுங்கி, வாலை ஆட்டி ஆட்டி நிற்கும். அன்றிலிருந்து வேகவைத்த இறாலையும் கணவாயையும் மிக மெல்லியதாக அரைத்து வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறேன். ஒரு வாரம் இரண்டும் சேர்ந்தே போகும். இந்த மாற்றத்தில் அவசரப்பட்டால் சின்னக் குஞ்சுகள் தின்னாமலே மெலிகின்றன.

ஊட்டிய ஈடுகளிலும் பதினைந்தாம் நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அதற்கு டிஎச்ஏ மட்டும் பதில் இல்லை என்று நினைக்கிறேன். கோப்பிபாடோடு ஒப்பிட்டால் ரோட்டிபரில் அயோடின் குறைவு, டாரின் என்ற அமினோ வகைப் பொருள் குறைவு. கோப்பிபாடில் டிஎச்ஏ பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வடிவில் இருப்பதால் குஞ்சின் பிஞ்சுக் குடல் அதை எளிதில் எடுத்துக்கொள்கிறது. நான் ஊட்டும் எண்ணெய் அந்த வடிவம் இல்லை. போன வாரம் தென்கடலில் மெல்லிய வலை இழுத்துக் கோப்பிபாட் கொஞ்சம் பிடித்து, நாலாவது ட்ரம்மில் ஐசோகிரைசிஸோடு விட்டிருக்கிறேன். இந்தத் தடவை ட்ரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியதில் பாசி இதுவரை வெளுக்கவில்லை. நேற்று எண்ணியபோது முட்டைப்பை சுமந்த கோப்பிபாட் பெண்கள் பதினேழு இருந்தன.

இரண்டாவது ஜோடியின் முட்டையில் இன்று காலை கண் வெள்ளியாகிவிட்டது. தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறான். மாத்திரை ஒரு அட்டைதான் மிச்சம், கடை மூடுவதற்குள் அண்ணாச்சியிடம் போய்வர வேண்டும்.